ஆக்சென்ட் வேறு, மொழித்திறன் வேறு

"தகவல்தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்."

தாய்மொழி அல்லாத மொழியில் வேலை பார்க்கும் பலரும் ஆண்டு மதிப்பீட்டில் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள். எனக்கு இது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. மூன்று முறையும் வேலையில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. எந்த இடத்தில், யாருக்கு, என்ன புரியவில்லை என்றும் சொல்லப்படவில்லை. முதல் ஆண்டு என் ஆங்கிலம்தான் மோசம் என்று நானே முடிவு கட்டினேன். இலக்கணப் புத்தகம் வாங்கினேன், புதுச் சொற்களை மனப்பாடம் செய்தேன். அடுத்த ஆண்டும் அதே வரி வந்தது. நான் திருத்திக்கொண்டிருந்த இடமும் அவர்களுக்கு உறுத்திய இடமும் வேறு வேறு என்று புரிய நெடுநாள் ஆனது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு பக்கம் "எல்லாமே இனவெறி" என்பார்கள், மறுபக்கம் "ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டால் போதும்" என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. நடுவில் மனிதக் காதும் மூளையும் வேலை செய்யும் விதம் என்று ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால், நம்மால் மாற்றக்கூடியது எது, கேட்பவர் மாற்ற வேண்டியது எது, அப்பட்டமான அநியாயம் எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

## ஆக்சென்ட் எங்கிருந்து வருகிறது?

ஆக்சென்ட் என்பது ஒரு மொழியை ஒருவர் ஒலிக்கும் விதம். எந்த ஒலியை எப்படி எழுப்புகிறார், சொல்லின் எந்தப் பகுதியை அழுத்துகிறார், குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் சேர்ந்தது அது. ஆக்சென்ட் இல்லாத மனிதர் கிடையாது. கேட்பவருக்குப் பழகிப்போன ஆக்சென்ட் அவர் கவனத்தில் படுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழ் கற்றுக்கொள்ளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 'மழை' என்று சொல்ல முயன்று 'மலை' என்கிறார். அவர் வாயில் 'பள்ளி' 'பல்லி' ஆகிவிடுகிறது. நாக்கு வளையவில்லை என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் சிக்கல் அதற்கும் முன்பே, காதிலேயே தொடங்கிவிடுகிறது. ல, ள, ழ மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. கேட்காத வேறுபாட்டை நாக்கு எப்படிச் செய்யும்?

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நம் 'த', 'ட' போன்ற ஒலிகள் அவை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது.

ஒரு வயது நிறைவதற்குள் குழந்தையின் காது தன் வீட்டு மொழிக்கு ஏற்பக் கூர்மையாகிறது. அந்த மொழிக்குத் தேவைப்படாத வேறுபாடுகளைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. அதனால் வளர்ந்தபின் வேறொரு மொழியைக் கற்கும் ஒருவர் எத்தனை புத்தகம் படித்தாலும், எத்தனை ஆண்டுகள் அந்த ஊரில் வாழ்ந்தாலும், முதல் மொழியின் தடம் அவர் பேச்சில் தங்குவது மிக இயல்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆக்சென்ட் எல்லோருக்கும் உண்டு. பிறந்த சில மாதங்களில் காது எதற்குப் பழகியது என்பதன் அடையாளம் அது. அறிவுக்கும் உழைப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

## ஒரே பெயரில் கலந்துபோன மூன்று விஷயங்கள்

"அவர் பேசுவது புரியவில்லை" என்ற புகாருக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விடைத்தாள் வருகிறது. எழுத்து சாய்ந்து நெளிந்து இருக்கிறது. ஆனால் ஒரு சொல் விடாமல் படிக்க முடிகிறது. இன்னொரு தாளில் எழுத்து ஓரளவு அழகாக இருக்கிறது, ஆனால் நான்கு சொற்களை எப்படிப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை. எழுத்தின் தோற்றம், படிக்கப் பட்ட பாடு, கடைசியில் படிக்க முடிந்ததா என்பது: மூன்றும் வேறு வேறு.

பேச்சிலும் அப்படித்தான். முதலாவது, ஆக்சென்டின் அடர்த்தி: கேட்பவரின் வழக்கத்திலிருந்து ஒலிப்பு எவ்வளவு விலகி இருக்கிறது. இரண்டாவது, கேட்கும் சிரமம்: புரிந்துகொள்ள அவர் எவ்வளவு முயல வேண்டியிருந்தது. மூன்றாவது, புரிந்த அளவு: சொன்னதில் எவ்வளவு உண்மையில் அவரைச் சென்று சேர்ந்தது.

கனடாவைச் சேர்ந்த முர்ரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995-இல் இதை அளந்தார்கள். மாண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து, ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களைக் கேட்க வைத்தார்கள். கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். அப்புறம் ஆக்சென்ட் எவ்வளவு அடர்த்தி, கேட்க எவ்வளவு சிரமம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு சொல் பிசகாமல் எழுதிய வாக்கியங்களுக்கே, கேட்டவர்கள் பல இடங்களில் "ஆக்சென்ட் மிக அடர்த்தி" என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். முழுவதும் புரிந்திருக்கிறது, ஆனாலும் ஆக்சென்ட் அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது.

மொழித்திறன் என்பது இந்த மூன்றுக்கும் வெளியே நிற்பது. எவ்வளவு சொல்வளம் இருக்கிறது, வாக்கியம் அமைக்கத் தெரியுமா, சிக்கலான ஒன்றை ஒழுங்காக எடுத்துச் சொல்ல முடியுமா என்பதுதான் மொழித்திறன். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அதே நபரின் மின்னஞ்சலைப் படித்துப் பாருங்கள். எழுத்தில் தெளிவாக இருப்பவரைப் பேச்சில் கேட்டுவிட்டு "மொழி போதாது" என்று சொன்னால், சொல்பவர் ஆக்சென்டைத்தான் அளந்திருக்கிறார், மொழியை அல்ல.

## சிரமம் கேட்பவருக்கு, பழி பேசுபவருக்கு

சரி, புரிந்த பிறகும் ஏன் மதிப்புக் குறைகிறது?

தொலைபேசியில் பேசுகிறீர்கள். கரகரவென்று இரைச்சல். "லைன் சரியில்லை, திரும்பக் கூப்பிடுகிறேன்" என்கிறீர்கள். மறுமுனையில் இருப்பவரின் அறிவை யாரும் சந்தேகிப்பதில்லை. சிரமத்துக்குக் காரணம் லைன் என்று நமக்குத் தெரியும். ஆக்சென்ட் வழியாக வரும் சிரமத்துக்கு அப்படிக் குற்றம் சொல்ல ஒரு கம்பி இல்லை. அதனால் அது நேராகப் பேசுபவரின் கணக்கில் ஏறிவிடுகிறது.

மூளை ஒவ்வொரு ஒலியாகக் கேட்டுப் பொருள் கூட்டுவதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே கேட்கிறது. பழகிய ஒலிப்பில் ஊகம் பெரும்பாலும் பலித்துவிடும், கேட்பதே தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்போம். பழகாத ஒலிப்பில் ஊகம் அடிக்கடி தவறும், மூளை பின்னால் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஒரு தகவலைக் கையாள மூளைக்கு எவ்வளவு குறைந்த முயற்சி தேவைப்படுகிறதோ, அதைச் செயலாக்க எளிமை என்பார்கள். எளிதாக உள்ளே போவதை மனம் உண்மை, தெளிவு, நம்பகம் என்று எடுத்துக்கொள்கிறது. கடினமாகப் போவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் விளைவு உண்மையானது.

ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சார் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்தது. "ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரின்றி இருக்கும்" என்பது போன்ற பொது அறிவு வாக்கியங்களை, தாய்மொழிக்காரர்களும் வெளிமொழி ஆக்சென்ட் உள்ளவர்களும் வாசித்தார்கள். கேட்டவர்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வாசிப்பவர்கள் தங்களிடம் கொடுத்ததை வாசிக்கிறார்கள், சொந்தக் கருத்து எதுவும் இல்லை என்று கேட்டவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஆக்சென்ட் உள்ள குரலில் வந்த வாக்கியங்களுக்கு நம்பகம் குறைந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கேட்பதில் உள்ள சிரமம் நம்பகத்தைக் குறைக்கிறதா என்றுதான் சோதிக்கிறோம் என்று கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொன்னார்கள். லேசான ஆக்சென்ட் உள்ளவர்கள் விஷயத்தில் அவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டார்கள், வேறுபாடு மறைந்தது. அடர்த்தியான ஆக்சென்ட் விஷயத்தில் தெரிந்தும் திருத்திக்கொள்ள முடியவில்லை. "எனக்குப் பாரபட்சம் கிடையாது" என்று ஒருவர் மனதார நம்பினாலும், அந்த நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

## ஒலியே இல்லாத ஆக்சென்ட்

இதுவரை சொன்னது காதின் கதை. எல்லாவற்றையும் காதின் மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் ஒரு விரிவுரைப் பதிவைக் கேட்டார்கள். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். எல்லோருக்கும் அதே குரல்தான். ஆனால் விரிவுரையாளர் என்று சிலருக்கு ஒரு வெள்ளையரின் படமும் சிலருக்கு ஓர் ஆசியரின் படமும் காட்டப்பட்டது. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சில் வெளிநாட்டு ஆக்சென்ட் இருப்பதாக உணர்ந்தார்கள். அதோடு நிற்கவில்லை. விரிவுரையை அவர்கள் புரிந்துகொண்ட அளவும் குறைந்தது.

பேச்சில் இல்லாத ஆக்சென்ட் முகத்தைப் பார்த்ததும் காதில் விழுந்திருக்கிறது. "இவர் பேசுவது புரியாது" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் கேட்கும் முயற்சியைத் தளர்த்திவிடுகிறார். பிறகு உண்மையிலேயே புரியாமல் போகிறது. அந்த இடத்தில் பேசுபவர் உச்சரிப்பை எவ்வளவு திருத்தினாலும் பயன் இல்லை.

ஆக, இரண்டு ஊற்றுகள். ஒன்று, பழகாத ஒலி தரும் உண்மையான சிரமம். மற்றொன்று, பேசுபவர் யார் என்பதை வைத்து வரும் முன்முடிவு. வேலையிடத்தில் இரண்டும் கலந்துதான் வரும்.

## ஆனால் காது பழகிக்கொள்ளும்

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் 2004-இல் காட்டியபடி, பழகாத ஆக்சென்டைக் கேட்கத் தொடங்கியதும் மூளையின் வேகம் குறைகிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தத் தாமதம் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே ஆக்சென்ட் உள்ள பல பேரைக் கேட்டவர்கள், அதே ஆக்சென்டில் பேசும் புதியவரையும் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆன் பிராட்லோ, டெசா பென்ட் 2008-இல் காட்டினார்கள்.

நேர்காணல்களை யோசித்துப் பாருங்கள். முதல் சில நிமிடங்களிலேயே மனதுக்குள் முடிவெடுத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கேட்பவரின் காது இன்னும் பழகாத, ஆக்சென்ட் மிகக் கடினமாகத் தெரியும் நேரமும் அதேதான். தொடக்கத்தில் ஊர், பயணம் என்று இரண்டு நிமிடம் பொதுவாகப் பேசிவிட்டு வேலைக் கேள்விகளுக்குப் போனாலே அநியாயம் கொஞ்சம் குறையும். செலவே இல்லாத வழி இது.

## பதவி உயர்வில் என்ன நடக்கிறது?

வேலை கிடைத்துவிட்டால் சிக்கல் முடிந்தது என்று தோன்றும். மேலே போகப் போகத்தான் அது கூடுகிறது. தொழில்நுட்ப வேலைக்குச் சேர்க்கும்போது கையில் இருக்கும் திறமையை அளக்க முடியும். மேலாளர் பதவிக்கு "ஆளுமை", "தலைமைப் பண்பு" என்று அளக்க முடியாதவற்றைத் தேடுகிறார்கள். அளவுகோல் மங்கலாகும் இடத்தில்தான் முன்முடிவு தாராளமாக நுழைகிறது.

லாரா ஹுவாங்கும் அவருடன் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிமொழி ஆக்சென்ட் உள்ளவர்களை மேலாளர் பதவிக்குப் பரிந்துரைப்பது குறைவாக இருந்தது. பிறரிடம் செல்வாக்குச் செலுத்திக் காரியம் சாதிக்கும் சாமர்த்தியம் அவர்களுக்குக் குறைவு என்று மதிப்பிட்டதே அதற்கு விளக்கமாக வந்தது. ஆக்சென்டைச் சொல்லி யாரும் மறுக்கவில்லை. அதன் இடத்தில் நாகரிகமான வேறொரு காரணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதன் மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் இரண்டு முறை "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கப்பட்டால் மூன்றாவது முறை வாய் திறக்கத் தயங்குவோம். நினைத்ததை விட்டுவிட்டு, சுலபமாகச் சொல்ல வருவதைச் சொல்வோம். பதற்றத்தில் வேகம் கூடும், குரல் தாழும், புரிவது இன்னும் குறையும். ஒரு ஆண்டு கழித்து "அமைதியானவர், முன்வந்து பேசமாட்டார்" என்று பெயர் வரும்.

## மொழி உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள்

எல்லா எதிர்பார்ப்பும் பாரபட்சம் அல்ல. அவசர அழைப்பை எடுப்பவர் பேசுவது புரிந்தே ஆக வேண்டும். கேள்வி, கோடு எங்கே என்பதுதான்.

விமானத் துறையைப் பாருங்கள். சர்வதேசப் பயணத்தில் விமானிகளும் வானூர்திக் கட்டுப்பாட்டாளர்களும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர்ச்சேதம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அவர்களின் மொழித்திறனை 6 நிலைகளாகப் பிரித்திருக்கிறது. வேலை செய்ய 4-ஆம் நிலை போதும். உச்சமான 6-ஆம் நிலையிலும்கூட, தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது புரிவதற்குத் தடையாக வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் தொங்கும் வேலையிலேயே ஆக்சென்டை அழிக்கச் சொல்லவில்லை என்றால், வாரக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க அதை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

சட்டமும் பல இடங்களில் இந்தக் கோட்டையே தேடுகிறது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், பூர்வீக நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆக்சென்ட் அந்தப் பூர்வீகத்தோடு ஒட்டிவருவது. அதனால் அது குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கு உண்மையில் தடையாக இருந்தால் மட்டுமே காரணமாகக் காட்டலாம். தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. ஒக்லஹோமாவில் பல் ஆய்வகம் ஒன்றின் மேற்பார்வையாளராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர், ஆக்சென்டைக் காரணம் காட்டிப் பதவி இறக்கப்பட்டார். ஆக்சென்ட் அவர் வேலையைப் பாதிக்கவில்லை என்று 1984-இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஹொனலுலுவில் நகராட்சி எழுத்தர் வேலைக்கான தேர்வில் 721 பேரில் முதலாவதாக வந்த இன்னொரு பிலிப்பைன்ஸ்காரர், நேர்காணலில் ஆக்சென்ட் காரணமாக ஒதுக்கப்பட்டார். பொதுமக்களோடு பேசுவதே அந்த வேலை என்பதால் 1989-இல் நீதிமன்றம் நகராட்சியின் முடிவை ஏற்றது. இரண்டாவது தீர்ப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரு குறுகிய நேர்காணலில் மனதில் பட்டதும், பொதுமக்களுக்கு உண்மையில் எவ்வளவு புரியும் என்பதும் ஒன்றல்ல.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'ஆக்சென்ட்' தனியாகப் பட்டியலிடப்படவில்லை. ஆனால் தேசியப் பூர்வீகம் பட்டியலில் இருக்கிறது, ஒருவரின் ஆக்சென்டைக் குத்திக்காட்டுவது அதன் வழியாகத் துன்புறுத்தலாகக் கருதப்படலாம்.

## எதிர்கொள்ளும்போது

முதலில், பொதுவான புகாரைக் குறிப்பானதாக மாற்றக் கேளுங்கள். "எந்தக் கூட்டத்தில், எந்த இடம் புரியவில்லை?" என்று பணிவாகக் கேட்கலாம். பதில் இருந்தால் அது உதவி. பதிலே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். கேலிகள், மறுக்கப்பட்ட வாய்ப்புகள், யார் முன்னிலையில் நடந்தது என்பதையும் அன்றன்றே எழுதி வைப்பது நல்லது. பிறகு மனிதவளத் துறைக்கோ சட்ட ஆலோசகரிடமோ போக நேர்ந்தால் நினைவை நம்ப வேண்டியிருக்காது.

இரண்டாவது, உச்சரிப்புப் பயிற்சி எடுப்பதாக இருந்தால் ஆக்சென்டை அழிக்கும் பயிற்சிக்குப் போகாதீர்கள். புரிந்த அளவைக் கூட்டும் பயிற்சியே போதும். தனித்தனி ஒலிகளோடு மல்லுக்கட்டுவதைவிட, சொல்லில் அழுத்தம் விழும் இடம், வாக்கியத்தில் நிறுத்தும் இடம், வேகம் ஆகியவை இயல்பான பேச்சில் அதிகம் கைகொடுக்கும். முக்கியமான சொல்லைச் சொன்னதும் ஒரு நொடி நிறுத்துங்கள். கேட்பவரின் மூளை பின்னால் போய்ச் சரிபார்க்க அந்த ஒரு நொடிதான் தேவை.

மூன்றாவது, பெரிய விஷயத்தை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முன்பே நான்கு வரி எழுதி அனுப்பினால் கேட்பவரின் ஊகம் பலிக்கத் தொடங்கும், சிரமம் குறையும். யோசனை யாருடையது என்பதற்கும் பதிவு இருக்கும்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருப்பவர் என்றால், புரியாதபோது தலையாட்டாதீர்கள். "அந்தக் கடைசி எண்ணை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். "என்ன?" என்ற ஒற்றைக் கேள்வி, பேசியவர் சொன்னது முழுவதையும் குப்பையில் போடுகிறது.

மூன்றாவது ஆண்டு மதிப்பீட்டில் நானும் மேலாளரிடம் அந்தக் குறிப்பான கேள்வியைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது: ஒரு தொலைபேசி உரையாடலில் நான் 'ஃபிஃப்டீன்' என்றது வாடிக்கையாளருக்கு 'ஃபிஃப்டி' என்று கேட்டிருக்கிறது. அந்தக் குறை உண்மைதான். ஆங்கிலக் காது 'ஃபிஃப்டீன்' என்பதில் இரண்டாவது அசையில் அழுத்தத்தைத் தேடுகிறது, நான் இரண்டு சொற்களிலும் முதல் அசையையே அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக இலக்கணம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அதைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. இப்போதும் எண் வரும் இடங்களில் இலக்கம் இலக்கமாகவே சொல்கிறேன், ஒன்று, ஐந்து என்று. அந்தப் பழைய வரியை மதிப்பீட்டிலிருந்து நீக்கி, இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் தேதியோடு எழுதச் சொன்னேன். அவர் எழுதினார்.